ஒரு தடவைதான் கேட்டேன்

ஆரின் ஃபெல்ஸ்டாட்டுக்கு இந்த மார்ச்சில் எண்பது வயது நிறைகிறது. முப்பத்தெட்டு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறவள் என்று தேவாலய வேலைகளை எடுத்துச் செய்கிற ஜெனீவ் என்னைப் பிடித்துக்கொண்டாள். தேவாலயச் செய்திமடலில் போட அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தா என்றாள். எழுதிக் கொடுத்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டியது, பனிக்காலத்தில் பாதி ஊருக்கு வாசல் பனி தள்ளிக் கொடுத்தது, பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று சத்தமே வராமல் பாடியது எல்லாம் அதில் இருக்கிறது. அத்தனையும் உண்மை. ஆனால் அவரைப் பற்றி எனக்கு முக்கியமாகத் தெரிந்த விஷயம் அதில் இல்லை. அதை எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டும், எழுதிவிட்டு இந்த ஊரில் நான் பால் வாங்கக்கூட வெளியே போக முடியாது. அதனால் அதைத் தனியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆரின் முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டினார். எங்கள் பெண் கிர்ஸ்டன் வாரத்தில் மூன்று நாள் தாமதமாகத்தான் கிளம்புவாள். ஆரின் ஹாரன் அடிக்க மாட்டார். அப்படி அடிப்பது ஒரு மனிதரை அவசரப்படுத்துவது, அது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். விளக்கை மட்டும் ஒரு தடவை சிமிட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய கையுறை வைத்திருந்தார். வெறுங்கையோடு ஏறுகிற பிள்ளையிடம், "இது யாரோடதுன்னு தெரியலை, நீ கொஞ்ச நாள் வச்சிருந்து பாரு" என்று கொடுப்பார். எல்லாம் அவர் மனைவி லவோன் பின்னியவை. இது ஊருக்கே தெரியும். ஆனால் யாரும் அவரிடம் சொன்னதில்லை.

லவோன் எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவள். அவள் வாசிப்பின் வேகத்துக்குப் பாடினால் மூச்சு முட்டிவிடும், அவ்வளவு நிதானம். கறாரான பெண். கல்யாணமான புதிதில் ஆரின் வேலை விட்டு வந்ததும் பிள்ளைகளைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் புலம்பிக்கொண்டே சாப்பிட உட்காருவாராம். ஒரு நாள் லவோன் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு நடந்த நல்லது மூணு சொல்லு, அப்புறம்தான் சோறு" என்றாளாம். அன்றிலிருந்து அது அந்த வீட்டுச் சட்டம். மூன்று சொல்லாமல் தட்டில் எதுவும் விழாது. பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை. டயர் பஞ்சர் ஆகவில்லை என்பதுகூடச் செல்லும்.

2018-ல் லவோனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. மறு வருடம் ஊர் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஆரின் தினமும் மதியம் அங்கே போய் அவளுக்கு ஊட்டிவிட்டுத் தானும் சாப்பிட்டு வருவார். இப்போது சட்டம் திரும்பிவிட்டது. ஆரின் மூன்று நல்லது சொன்னால்தான் அவள் வாயைத் திறப்பாள். 2020 மார்ச்சில் கொரோனா வந்து இல்லத்தின் கதவை மூடினார்கள். அதற்குப் பிறகும் ஆரின் தினமும் போய் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் 'பாவம்' என்று சொன்னேன். போய்ப் பார்க்கவில்லை.

இதற்கு மேல் சொல்வதற்கு முன் எங்கள் ஊரில் எப்படிக் கேட்பது, எப்படி மறுப்பது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இங்கே யாரும் முதல் தடவை கேட்டதும் 'சரி' என்று சொல்லிவிட மாட்டார்கள். "காப்பி சாப்பிடறீங்களா?" என்றால், "ஐயோ, வேண்டாம்" என்பார்கள். "கொஞ்சம் சாப்பிடலாமே?" என்றால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். மூன்றாவது தடவை, "போட்டு வச்சது இருக்கு, வீணாத்தான் போகும்" என்றால், "அப்படின்னா அரைக் கோப்பை" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து புதிதாக வந்த ஒரு போதகருக்கு இது தெரியாது. தன் வீட்டுக்கு எல்லோரையும் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை காப்பி வேண்டுமா என்று கேட்டார். எல்லோரும் வேண்டாம் என்றோம். அவர் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். முப்பது பேர் நாக்கு வறண்டு வீடு திரும்பினோம். ஜெனீவ்தான் மறுநாள் போய் அவருக்குப் பாடம் எடுத்தாள்.

ஆக, ஒருவர் ஒரு தடவை கேட்டுவிட்டார் என்றால் அடுத்த இரண்டு தடவையும் பின்னால் வருகிறது என்று அர்த்தம். அதை நம்பித்தான் நாங்கள் முதல் தடவை மறுக்கிறோம்.

2020 நவம்பரில் நன்றி நாளுக்கு, குடும்பமெல்லாம் ஒன்றுகூடி வான்கோழி விருந்து சாப்பிடுகிற அந்த வியாழக்கிழமைக்கு, ஒரு வாரம் இருக்கும்போது ஆளுநர் தொலைக்காட்சியில் வந்தார். நாலு வாரத்துக்கு யாரும் வேறு வீட்டுக்காரரோடு கூடக் கூடாது, உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது என்றார். அடுத்த அரை மணி நேரத்தில் கிர்ஸ்டன் டுலூத்திலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, நாங்க வரலை." ஆகஸ்டில் பிறந்த பேத்தி இங்காவை நான் இன்னும் கையில் எடுக்கவில்லை. படத்தில் பார்த்ததோடு சரி. தொட்டிலை மாடியிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தேன். இருபத்திரண்டு பவுண்டு வான்கோழி வாங்கி வைத்திருந்தேன். போனை வைத்ததும் அந்தப் பறவையைத் தூக்கி அடித்தள ஃப்ரீசரில் திரும்பப் போட்டு மூடியை அடித்துச் சாத்தினேன்.

"என்ன அது சத்தம்?" என்றார் என் கணவர் வெர்லின், மேலே இருந்து.

"சமையல் கிடையாது. யாருக்குச் சமைக்க?"

"நான் ஒருத்தன் இருக்கேன்."

"நீ எங்க போயிடப் போற?"

அந்த ஒரு வாரமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தேன். ஆளுநரைத் திட்டினேன், கிர்ஸ்டனின் கணவனைத் திட்டினேன், சீனியைக் கொட்டிய வெர்லினைத் திட்டினேன். இந்த உலகத்தில் கொரோனாவால் ஏதாவது இழந்த ஒரே பெண் நான்தான் என்று எனக்கு எண்ணம்.

புதன்கிழமை சாயங்காலம் ஆரினைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வரும்போதெல்லாம் அவர்கள் காரை அவர் முற்றத்தில்தான் நிறுத்துவார்கள். அதற்காகத் தன் காரை முன்னாலேயே நகர்த்தி வைத்துவிடுவார்.

"இந்தத் தடவை காரை நகர்த்த வேண்டாம் ஆரின். யாரும் வரலை."

"அப்படியா? கிர்ஸ்டன்கூட வரலையா?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. தொட்டிலில் தொடங்கி ஆளுநர் வரைக்கும் இருபது நிமிடம் கொட்டித் தீர்த்தேன். நடுவில் ஒரு தடவை அவர், "எங்களுக்கும் நாளைக்கு ஒரு ஏற்பாடு இருந்துச்சு..." என்று ஆரம்பித்தார்.

"ஏற்பாடு எல்லாருக்கும்தான் இருந்துச்சு! மூணு மாசக் குழந்தை ஆரின்! நான் இன்னும் தூக்கவேயில்லை!"

"ஆமா ஆமா," என்றார். "கஷ்டம்தான்."

பேசி முடித்ததும் மனம் கொஞ்சம் லேசானது. இவ்வளவு நேரம் ஒருவர் காதைத் தின்றுவிட்டு வெறுமனே போனை வைக்க முடியாதே. அதனால் ஒப்புக்குக் கேட்டேன். "நாளைக்கு உங்களுக்கு ஒரு தட்டு சாப்பாடு கொண்டுவந்து தரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் ஆர்டிஸ். உனக்கு எதுக்குச் சிரமம்."

"சரி அப்போ. உடம்பைப் பாத்துக்கோங்க," என்று வைத்துவிட்டேன்.

வெர்லின் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "ஒரு தடவைதான் கேட்ட."

"அவர்தான் வேண்டாம்னுட்டாரே."

"அந்த ஆள் எதுக்கு முதல் தடவையே சரின்னு சொல்லியிருக்கார்? 'இவளைக் கட்டிக்கச் சம்மதமா'ன்னு போதகர் கேட்டப்பவே 'உங்களுக்கு எதுக்குச் சிரமம்'னு சொல்லியிருப்பார்." பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அது கிடக்கட்டும். எந்தத் தட்டு? பறவை கீழே கல்லா கிடக்கு. சரின்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"சொல்ல மாட்டார்னு தெரியும். அதான் கேட்டேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது. வெர்லின், "அடேயப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செய்தித்தாளை மறுபடி உயர்த்திக்கொண்டார். எனக்குச் சுரீரென்றது. அப்போதே போனை எடுத்து இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். பத்து அடி தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் சமைக்க வேண்டும். நான் சமைக்கப் போவதில்லை என்று உலகத்துக்கே அறிவித்துவிட்டேன், வீம்பு பெரியதாகத் தெரிந்தது.

மறுநாள் நன்றி நாள். சாயங்காலம் கடையில் வாங்கிய உறைந்த பீட்சாவை அடுப்பில் வைத்தேன். இருவரும் மேசையில் உட்கார்ந்தோம். சாப்பிடுவதற்கு முன் ஆளுக்கு ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கிர்ஸ்டன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பூனைக்குட்டி, மிட்டாய் என்று அது அரை மணி நேரம் ஓடும்.

"இந்தப் பீட்சாவுக்கு நன்றி," என்றார் வெர்லின். "தீயாம வந்ததுக்கு. உன் முறை."

"எனக்கு ஒண்ணுமில்லை."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை. நீ சாப்பிடு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது போன் அடித்தது. ஜெனீவ்.

"ஆர்டிஸ், உனக்கு நன்றி சொல்லலாம்னு கூப்பிட்டேன்," என்றாள். தனியாக இருக்கிறவர்களுக்கு என்று தேவாலயத்தில் அன்று காலை நாற்பது சாப்பாட்டுப் பெட்டி கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்தார்கள். நானும் போய்க் கட்டியிருக்க வேண்டும். மனசு சரியில்லை என்று போகவில்லை. "பெட்டி ஒண்ணு பத்தாம போச்சு. நல்ல வேளை, ஆரினுக்கு நீ கொடுக்கற. அவர்கிட்ட நான் மூணு தடவை கேட்டேன் தெரியுமா? முறைப்படிதான் கேட்டேன். மூணு தடவையும் 'இல்லை ஜெனீவ், ஆர்டிஸ் கேட்டிருக்கா, வேற யாருக்காவது கொடுங்க'ன்னுட்டார். அவர் பெட்டியை மில் ரோட்டுல புதுசா வந்தவங்களுக்குக் கொடுத்துட்டோம்."

என் முகத்தில் ஈயாடவில்லை. வெர்லின் கையில் பீட்சாவோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குன்னு பாத்து அவர் தனியா சாப்பிடலையேன்னு எனக்கு ரொம்ப நிம்மதி," என்று ஜெனீவ் தொடர்ந்தாள். "உன்கிட்ட சொல்லியிருப்பாரே. இன்னிக்கு லவோனைப் பாக்க உள்ளே விடறதா இருந்தாங்க. அரை மணி நேரம். கையைப் பிடிச்சுக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. மார்ச்சுக்கு அப்புறம் முதல் தடவை. அங்கே வேலை பாக்கற யாருக்கோ தொத்திக்கிச்சாம், ரத்து பண்ணிட்டாங்க. பழையபடி ஜன்னல்தான். பாவம், முடி வெட்டிக்கிட்டுத் தயாரா இருந்தார்."

எங்களுக்கும் ஒரு ஏற்பாடு இருந்துச்சு என்று அவர் சொல்ல வந்தது இதைத்தான். நான் அவர் வாயை அடைத்துவிட்டுத் தொட்டிலைப் பற்றிப் பேசினேன். எட்டு மாதம் மனைவியின் கையைத் தொடாத மனிதரிடம், மூன்று மாதம் பேத்தியைத் தூக்கவில்லை என்று அழுதிருக்கிறேன். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

போனை வைத்தேன். வெர்லினிடம் சொன்னேன். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஆரினின் சமையலறை ஜன்னல். அங்கே விளக்கு எரிந்தது. அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையும் டையும். முன்னால் ஒன்றுமில்லை. வெறும் முள்கரண்டியும் கத்தியும் ஒரு துணியும்.

"இருக்கற பீட்சால பாதியை எடுத்துட்டுப் போ," என்றார் வெர்லின். "நடந்ததைச் சொல்லு. அவர் ஒண்ணும் நினைக்க மாட்டார்."

"டை கட்டிட்டு உக்காந்திருக்கார் வெர்லின். பீட்சாவை எடுத்துட்டு எப்படிப் போறது?"

"வேற என்ன பண்ணப் போற?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுதக் கை கூசுகிறது. எழுந்து போய் எங்கள் சமையலறை விளக்கை அணைத்தேன். திரையை இழுத்து விட்டேன். நாங்கள் வீட்டில் இல்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று. பிறகு பீட்சாவைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறைக்குப் போய், வெளியே வெளிச்சம் தெரியாத மூலையில் உட்கார்ந்தேன். வெர்லினும் பின்னாலேயே வந்தார். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்தார். "திருடங்க மாதிரி சாப்பிடறதுக்கும் நன்றி சொல்லிடலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பனி பெய்திருந்தது. வாசலில் சரக் சரக் என்று சத்தம். திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். ஆரின் எங்கள் நடைபாதையைத் தள்ளிக்கொண்டிருந்தார். தன் வாசலை முடித்துவிட்டு எங்களுடையதற்கு வந்திருக்கிறார், எல்லா வருடமும் செய்கிற மாதிரி. நான் கதவைத் திறக்கவில்லை. படிக்கட்டில் உப்பையும் தூவிவிட்டு அவர் போகும்வரை திரைக்குப் பின்னால் நின்றேன். அறுபத்தேழு வயதுப் பெண்மணி, தன் சொந்த வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு.

பிறகு அடித்தளத்துக்கு இறங்கிப் போய் அந்தப் பறவையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இருபத்திரண்டு பவுண்டு உறைந்த வான்கோழி இளகுவதற்கு நாலு நாளாவது வேண்டும். எனக்கு இரண்டு நாள்தான் இருந்தது. குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்தேன், சனிக்கிழமை குளியல் தொட்டியில் பச்சைத் தண்ணீரை நிரப்பி உள்ளே போட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும்.

"ஞானஸ்நானம் எப்போ முடியும்?" என்றார் வெர்லின், கதவில் சாய்ந்துகொண்டு. "எனக்கு உள்ளே போகணும்."

"கீழே போ."

"பேர் வச்சாச்சா?"

முட்டி போட்டுக்கொண்டு அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கையை விட்டு அதைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். விரல் மரத்துப் போனது. அப்போதுதான், அந்தக் குளியலறைத் தரையில், எனக்கு உறைத்தது. வியாழக்கிழமை மேசையில் எனக்கு எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு வருடமாக எதிரே உட்கார்ந்திருக்கிறவர். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவர் முகத்தைப் பார்த்துத்தான், எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறேன். சீனியைக் கொட்டினார் என்று திட்டியிருக்கிறேன்.

"வெர்லின்," என்றேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை. அந்தத் துண்டை எடு."

எடுத்துக் கொடுத்தார். என் கையை வாங்கி அவரே துடைத்தும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்தேன். எதையும் குறைக்கவில்லை. வான்கோழி, குழம்பு, உருளைக்கிழங்கு மசியல், கிரான்பெர்ரி, பூசணிக்காய் பை. மூன்று ஆள் சாப்பிடும் அளவுக்கு ஒரு பெரிய தட்டில் அடுக்கித் அலுமினியத் தாள் போட்டு மூடி, அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் ஆரின் வீட்டில் இல்லை. கார் போயிருந்தது. மணி பன்னிரண்டு. எங்கே போயிருப்பார் என்பது ஊருக்கே தெரியுமே.

"ஏறு," என்றார் வெர்லின், கார்ச் சாவியோடு.

இல்லத்தின் பின்பக்கம் அவளுடைய ஜன்னல். சுவர் ஓரமாகப் பனியில் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன் மேல் ஆரின் நின்றிருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. காது மூடும் தொப்பி. கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற சின்ன வெள்ளைப் பலகை ஒன்று. அதில் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வரி முடிந்திருந்தது. 'இன்று காற்று இல்லை.' 'உன் பாட்டு ரேடியோவில் வந்தது. நீ இன்னும் மெதுவாக வாசிப்பாய்.' மூன்றாவது வரிக்கு யோசித்துக்கொண்டிருந்தார். வெர்லின் காரிலேயே இருந்துகொண்டார். நான் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஆறடி தள்ளி நின்று கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உள்ளபடியே மலர்ந்தது, அதுதான் கஷ்டம்.

"சாப்பாடு கொண்டு வந்திருக்கேன் ஆரின்."

"ஐயோ, வேண்டாம் ஆர்டிஸ்."

"கொஞ்சம் எடுத்துக்கோங்க."

"உனக்கு எதுக்குச் சிரமம்."

"இருபத்திரண்டு பவுண்டு. நாங்க ரெண்டு பேர். வீணாத்தான் போகும்."

"அப்படின்னா சரி," என்று சொல்லிப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டை வாங்கிக்கொண்டார். தாளுக்கு அடியில் சூடு இருந்தது. கையுறையோடு அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. "புதன்கிழமை உங்களைக் கேட்டேனே, அது ஒப்புக்குக் கேட்டது. சமைக்கறதாவே இல்லை. நீங்க வேண்டாம்னு சொல்வீங்கன்னு நம்பித்தான் கேட்டேன். வியாழக்கிழமை வீட்லதான் இருந்தோம். விளக்கை அணைச்சது நான்தான். நீங்க உக்காந்திருந்ததைப் பாத்துட்டுத்தான் அணைச்சேன்." சொல்லச் சொல்லக் கூனிக் குறுகிப் போனேன். முகக்கவசம் இருந்தது ஒரு வசதி.

அவர் தட்டைப் பார்த்தார், பிறகு தன் பூட்சைப் பார்த்தார். "கிர்ஸ்டன் வீட்டுக்குக் கிளம்பிப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்," என்றார். "குழந்தையைப் பாக்கப் போயிருப்பா, போகட்டும்னு சந்தோஷப்பட்டேன்."

"போகலை."

"சரி." தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினார். "நீ கேட்டதே நல்லா இருந்துச்சு ஆர்டிஸ். நிஜமா." பிறகு தயங்கினார். எதையோ என்னிடம் கேட்க வேண்டியிருந்தது, கேட்கத்தான் அவருக்கு வராதே. "ஒரு விஷயம். இவகிட்ட நான் வேற மாதிரி சொல்லிட்டேன்."

"எப்படி?"

"வியாழக்கிழமை எனக்கு மூணு கிடைக்கலை. அன்னிக்குத்தான் உள்ளே விடறதா இருந்துச்சு. அவளும் தலையெல்லாம் வாரி, நல்ல சட்டை போட்டுட்டு உக்காந்திருந்தா. ரெண்டு எழுதிட்டேன், எப்படியோ. மூணாவது வரவே இல்லை. வாயைத் திறக்க மாட்டேங்கிறா. உள்ளே ஊட்டிவிடற பொண்ணு கரண்டியோட காத்துட்டு நிக்குது. அப்போதான் நீ கேட்டது ஞாபகம் வந்துச்சு. 'ஆர்டிஸ் எனக்கு விருந்து கொண்டு வருகிறாள்'னு எழுதினேன். அப்போ அது உண்மைதானே? சாயங்காலத்துக்குள்ள உண்மையாயிடும்னுதான் எழுதினேன். உடனே சாப்பிட்டா. முழுத் தட்டும் சாப்பிட்டா." கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மறுநாள் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, கண்ணாலயே. பிரமாதம்னு சொல்லிட்டேன்."

அந்த நாளில் அந்த மனிதருக்குக் கிடைத்த மூன்றாவது நல்லது, நான் கொடுக்க நினைக்காத ஒரு தட்டு.

"நீ இவ்வளவு தூரம் வந்துட்டு அவளைப் பாக்காமப் போனா நல்லா இருக்காது," என்றார். "வா. ஒண்ணும் சொல்ல வேண்டாம். தலையை மட்டும் ஆட்டு. அவளுக்காக."

ஜன்னல் பக்கம் போனேன். லவோன் சக்கர நாற்காலியில் இருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. இல்லத்தில் சேர்த்ததிலிருந்து நான் அவளைப் பார்க்கவில்லை, நாலு தெரு தள்ளித்தான் இல்லம். என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கினாள். விரல்களை உதட்டில் வைத்தாள், பிறகு நெஞ்சில் வைத்தாள், பிறகு என்னைச் சுட்டிக் காட்டினாள். மறுபடியும் அதையே செய்தாள், எனக்குப் புரிந்ததா என்று பார்த்துக்கொண்டே. கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அவர் தனியாகச் சாப்பிடவில்லை, அதற்காக.

"நன்றிங்கிறா," என்றார் ஆரின், பக்கத்தில் நின்று, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

நான் தலையை ஆட்டினேன். அவள் திருப்தியாகப் பின்னால் சாய்ந்தாள், உள்ளே இருந்த பெண் கரண்டியை நீட்டினாள், அவள் வாயைத் திறந்தாள். அன்று மூன்றாவது வரி எழுதாமலே. அதற்குப் பிறகு லவோன் பதினான்கு மாதம் உயிரோடு இருந்தாள். கதவு திறந்த பிறகு நான் வாராவாரம் போனேன், பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டேன். அந்த வியாழக்கிழமை நடந்ததை ஒரு தடவையும் சொல்லவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். வெர்லின் எஞ்சினை ஓடவிட்டு எனக்காகச் சூடாக வைத்திருந்தார்.

"லவோன் என்ன சொன்னா?" என்றார்.

"வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்கு எனக்கு நன்றி சொன்னா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதாவது சொல்வார், குத்திக் காட்டுவார் என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது சொல்ல மாட்டாரா என்று ஏங்கினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் கியரைப் போட்டார், வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார்.